சப்பாத்து விசாரணை

ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுவதே நல்லது. ஜெர்மனியில் ஹம் என்ற நகரத்தில் ரயில் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் முடிவதற்குள் வந்துவிடும் சின்ன நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அந்த நகரசபை வழக்குப் போட்டாலும் போடும். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் பிறகு நகரசபையைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. அது எப்படி என்பதை யாகோப்பு பட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

அந்த நகரசபையில் யூகென்ட்-அம்ற் என்று சிறுவர் நல அலுவலகம், நம் ஆட்களின் வாயில் கந்தோர், ஒன்று இருந்தது. ஜெர்மனியில் எல்லா ஊரிலும் இருப்பதுதான். ஆனால் இந்த ஊர்க் கந்தோருக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. மூன்றாம் மாடியில் முறைப்பாட்டுப் பிரிவு என்று தனியாகத் திறந்து, வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் "உங்கள் மனக்குறையே எங்கள் செல்வம்" என்று எழுதி மாட்டியிருந்தார்கள். பிரிவுக்கு ஒரு தலைவர், அவருக்கு இரண்டு உதவியாளர்கள், மூவருக்கும் பொதுவாக ஒரு றப்பர் செடி. செல்வம் மட்டும் சேரவேயில்லை.

யாகோப்பு இலங்கை மன்னார்க்காரன். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தவன், கம்பித் தொழிற்சாலையில் வேலை. மனைவி புஷ்பமலருக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் வீட்டில் பிள்ளை இருந்தது. யாகோப்பின் தங்கை பிறேமா, கடலுக்குப் போன புருசன் திரும்பி வராததால் கைக்குழந்தையோடு ஜெர்மனிக்கு வந்தவள், இங்கே நோயில் விழுந்து செத்துப்போனாள். அப்போது அவள் மகள் அஞ்சலாவுக்கு மூன்று வயது. செத்தவீடு முடிந்து வந்த அன்றே அஞ்சலா மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவள் யாகோப்பின் பிள்ளை. இது மன்னாரில் உள்ளவர்களுக்குத் தெரியும், கோயிலில் பூசை வைக்கும் பாதிரியார் சுவாமிக்குத் தெரியும், கீழ்வீட்டு ஜெர்மன் கிழவிக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

சட்டப்படி அஞ்சலாவின் பாதுகாவலர் அந்தக் கந்தோர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய முழித்திருப்பவர்கள் யாகோப்பும் புஷ்பமலரும், கையெழுத்துப் போடுவது கந்தோர். பள்ளிக்கூடத்தில் மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போன அன்று கந்தோரின் கையெழுத்து வந்து சேர்வதற்குள் பஸ் போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் தோளில் பையோடு நின்றதை யாகோப்பு பார்த்தான். அடுத்த நாளே தத்தெடுக்க நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட்டான். அதுவரை அவனுக்கு நல்ல காலம்தான்.

தத்துக் கொடுப்பதா இல்லையா என்று நீதிபதி முடிவெடுக்குமுன் கந்தோர் வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நவம்பர் மாதம், மழை கொட்டிய ஒரு பின்னேரம், அறிக்கை எழுத கந்தோர் அலுவலர் பிராவ் ஹோல்ட்காம்ப், அதாவது திருமதி ஹோல்ட்காம்ப், வந்தார். நல்ல உயரம், பூனைக்கண், முழங்கால் வரை வார் கட்டிய சப்பாத்து. கூடவே மொழிபெயர்க்க நவரத்தினம் அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்தார், ஹம்மில் கடை வைத்திருப்பவர், நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிந்த மொழிபெயர்ப்பாளர். வாசலிலேயே அவர் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிராவ் ஹோல்ட்காம்ப் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லை, கழட்டாதேங்கோ, வாங்கோ வாங்கோ," என்றாள் புஷ்பமலர். வீட்டுக்கு வந்த பெரிய மனிசிக்கு வேறென்ன சொல்வது. நம் ஆட்கள் எவராவது வந்திருந்தால் அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் கழற்றியிருப்பார்கள். பிராவ் ஹோல்ட்காம்ப் காதில் வாங்கிக்கொண்டார். நடைபாதைச் சேறு முழுவதும் உள்ளே வந்தது. விறாந்தை, குசினி, பிள்ளையின் அறை என்று எல்லாக் கம்பளத்திலும் முத்திரை குத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மேசையில் றோல்ஸ், பற்றிஸ், வடை, கேசரி. புஷ்பமலர் காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருந்தாள். அஞ்சலாவுக்குக் கிறிஸ்மஸுக்கு எடுத்த நத்தார்ச் சட்டை போட்டு, இரண்டு பின்னல் பின்னி உட்கார வைத்திருந்தார்கள். பிராவ் ஹோல்ட்காம்ப் பிள்ளையை உச்சி முதல் கால் வரை கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து, "இந்தப் பிள்ளையின் சிறப்புகள் என்ன?" என்று கேட்டார்.

புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அஞ்சலாவின் சிறப்பைச் சொல்லப் போனால் ஒரு பின்னேரம் போதாது. கணக்கில் வகுப்புக்கே முதல். கோயிலில் அவள் பாடினால் பிந்தி வந்தவர்களும் வாசலில் நின்று கேட்பார்கள். கண் தெரியாத கீழ்வீட்டுக் கிழவிக்குக் கடிதம் வாசித்துக் காட்டுகிறவள் அவள்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பூனைக்கண் முன்னால், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வளர்த்தவர்கள் தங்கள் வாயால் அதைச் சொல்வார்களா? கண்ணூறு, கண்பட்டுப் போவது என்று ஒன்று இருக்கிறதல்லவா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, அதன்மேல் நாவூறும் பட வேண்டுமா?

"என்னத்தைச் சொல்ல, பிராவ்," என்றாள் புஷ்பமலர், பிள்ளையின் வாயில் ஒரு துண்டு வடையை ஊட்டிக்கொண்டே. "இது ஒரு குரங்கு. ஒழுங்காச் சாப்பிடாது. படிப்பும் சுமார்தான்."

"கறுவல்," என்றான் யாகோப்பு தன் பங்குக்கு. "குரலும் தகரம் மாதிரி."

அஞ்சலா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். திட்டு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு செல்லம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நவரத்தினம் அண்ணை ஒரு சொல் குறையாமல் ஜெர்மனில் சொன்னார். பிராவ் ஹோல்ட்காம்பின் பேனை விறுவிறு என்று ஓடியது.

"பிள்ளைமேல் உங்களுக்கு அன்பு இருக்கிறதா?"

யாகோப்புக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இதெல்லாம் வாய்விட்டுக் கேட்கிற கேள்வியா? "வளர்க்கிறம்தானே," என்று சொல்லி நிலத்தைப் பார்த்துச் சிரித்தான். அதுவும் எழுதப்பட்டது.

சாப்பாட்டை பிராவ் ஹோல்ட்காம்ப் தொடவில்லை, விதி இடம் கொடுக்காது என்றார். மனிசி வெட்கப்படுகிறது என்று நினைத்த புஷ்பமலர், அவர் புறப்படும்போது பற்றிஸையும் றோல்ஸையும் வெள்ளித் தாளில் சுற்றி அவருடைய பைக்குள் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பிப் பழக்கமில்லை.

அறிக்கையின் பிரதி தை மாதத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தது. நவரத்தினம் அண்ணை வாசித்து வாசித்துச் சொல்ல, யாகோப்பு கதிரையின் கையைப் பிடித்தபடி கேட்டான்.

"வளர்ப்பவர்கள் பிள்ளையைப் பிள்ளையின் முன்னாலேயே விலங்கு என அழைக்கின்றனர். பிள்ளையிடம் ஒரு நற்குணத்தைக்கூட அவர்களால் சொல்ல முடியவில்லை. அன்பைப் பற்றிக் கேட்டபோது ஆண் விண்ணப்பதாரர் சிரித்தார். இழிவுபடுத்தப்படும்போதும் புன்னகைக்கப் பிள்ளை பழக்கப்பட்டிருக்கிறது, இது கவலைக்குரியது. எட்டு வயதாகியும் பிள்ளைக்குக் கையால் ஊட்டப்படுகிறது. பிள்ளையின் கட்டிலுக்கு மேலே, உடலெங்கும் அம்பு தைத்த அரை நிர்வாண ஆணின் படம் தொங்குகிறது. பொரித்த பண்டங்கள் மூலம் அலுவலரை வசப்படுத்த முயற்சி நடந்தது."

அம்பு தைத்த ஆண், புனிதர் செபஸ்தியார். அந்தப் படத்தை அந்த ஊர் ஜெர்மன் பங்குக் கோயிலின் நத்தார்ச் சந்தையில்தான் வாங்கினார்கள், சுவாமியே மந்திரித்துக் கொடுத்தது. ஊட்டுவதைப் பற்றிச் சொல்வதானால், புஷ்பமலர் முதியோர் இல்லத்தில் எண்பது வயது ஜெர்மன்காரருக்கு ஒவ்வொரு நாளும் தன் கையால் ஊட்டிவிட்டு வருகிறவள். அதற்காக அதே நகரசபை அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்திருந்தது.

கடைசிப் பந்தியை வாசிக்குமுன் நவரத்தினம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உணர்ச்சிகளை வாய்விட்டுச் சொல்லும் ஒரு குடும்பம் வடக்கே கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாகவும், நீதிமன்றம் விண்ணப்பத்தை நிராகரித்ததும் பிள்ளையை அங்கே மாற்றலாம் என்றும் அதில் இருந்தது.

"அண்ணை, கண்ணூறு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றான் யாகோப்பு.

"தம்பி, நான் சத்தியம் செய்து குடுத்தனான். சொன்னதைத்தான் சொல்ல வேணும், விளக்கம் சொல்ல ஏலாது. நீங்கள் குரங்கு எண்டியள், நான் குரங்கு எண்டன். என்ர நெஞ்சு அடிச்சது அடிச்சதுதான்." அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, "மூண்டாம் மாடியில போய் முறைப்பாடு குடுப்பம். இந்த முறை நான் உங்கட ஆளா வாறன்," என்றார்.

முறைப்பாட்டுப் பிரிவின் தலைவர் ஹெர் வீஸ்மன் இருவரையும் கண்டதும் எழுந்து வந்து கை கொடுத்தார். உதவியாளர்கள் கதிரையை இழுத்துப் போட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மரியாதை யாகோப்புக்கு ஜெர்மனியில் அதுவரை கிடைத்ததில்லை. கோப்பியும் வந்தது. பிறகு அறிக்கையை மேசையில் வைத்ததும் ஹெர் வீஸ்மன் சூடுபட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"இது நீதிமன்றத்துக்குப் போன அறிக்கை அல்லவா? மன்னிக்க வேண்டும். இந்த நகரில் முறைப்பாட்டுச் சுதந்திரம் முழுமையானது. ஒரேயொரு சின்ன வரம்புதான். நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது, சொல்லப்படப் போவது, சொல்லப்படக்கூடியது, இவை பற்றி நாங்கள் முறைப்பாடு ஏற்பதில்லை."

"அதில பொய் எழுதியிருக்கு," என்றான் யாகோப்பு.

"இருக்கலாம். ஆனால் அந்தப் பொய் இப்போது நீதிமன்றத்தின் உடைமை. அதை நாங்கள் தொட்டால் நீதித்துறையில் தலையிட்டதாகும்."

"சரி, அறிக்கையை விடுங்கோ. அந்த அம்மா வீட்டுக்கு வந்து நடந்துகொண்ட விதம்?"

"எதற்காக வந்தார்?"

"அறிக்கை எழுத."

"அப்படியானால் வருகையும் அறிக்கைக்குள் அடக்கம்."

"சாப்பாட்டை லஞ்சம் எண்டது?"

"உணவும் அடக்கம்," என்றார் ஹெர் வீஸ்மன் வருத்தத்தோடு.

நவரத்தினம் அண்ணை முன்னால் சாய்ந்தார். "அப்ப நீதிபதியிட்டச் சொல்லலாமோ?"

"தாராளமாக. ஆனால் அலுவலர்களின் நடத்தையை நீதிபதி விசாரிப்பதில்லை. அது எங்கள் வேலை."

"நீங்கள் விசாரிப்பியளோ?"

"வழக்கு நடக்கும்போது முடியாது."

"வழக்கு முடிஞ்ச பிறகு?"

"முடிந்த பிறகு மகிழ்ச்சியோடு. ஆனால் பழைய சம்பவங்களை நாங்கள் எடுப்பதில்லை, நினைவுகள் மங்கிவிடும் பாருங்கள். வழக்கு முடியுமுன் பொதுவாக எல்லாச் சம்பவங்களும் பழையதாகிவிடுகின்றன. நீதிமன்றத்தின் வேகத்தில் தலையிட எங்களுக்கு உரிமையில்லை."

யாகோப்பு எழும்பப் பார்த்தான். ஹெர் வீஸ்மன் பாய்ந்து வந்து அவன் தோளை அமுக்கி உட்கார வைத்தார். அந்த மனிதரின் முகத்தில் அப்போது உண்மையான கவலை தெரிந்தது. "போகாதீர்கள். நாங்கள் முறைப்பாட்டுக்காக ஏங்குகிறோம். போன வருடம் ஒன்றுகூட ஏற்கப்படவில்லை. முறைப்பாடே இல்லாத கந்தோர் என்று மேயர் எங்களைப் பாராட்டினார். அதே மேயர் இப்போது, முறைப்பாடே இல்லாவிட்டால் மூன்று பேர் எதற்கு என்று கேட்கிறார். யோசித்துப் பாருங்கள். அறிக்கையில் இல்லாத ஏதாவது? எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. உண்மையில் சின்னதாக இருந்தால் நல்லது."

நவரத்தினம் அண்ணை யாகோப்பின் காதில், "சப்பாத்தோட உள்ள வந்தவ," என்றார்.

ஜெர்மனில் அது சொல்லப்பட்டதும் அறையே விழித்துக்கொண்டது. ஒரு உதவியாளர் அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டி, "சப்பாத்து எங்குமே குறிப்பிடப்படவில்லை," என்று அறிவித்தார். மற்றவர் புதிய கோப்பு ஒன்றை எடுத்தார். ஹெர் வீஸ்மன் யாகோப்பின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

யாகோப்புக்கு மனம் ஒப்பவில்லை. கழற்ற வேண்டாம் என்று சொன்னவள் அவன் பெண்சாதிதான். அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் கடல்கரையில் பிறந்தவன், ஒரு நுனி கையில் அகப்பட்டால் வலை முழுவதையும் இழுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. கையெழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை அந்த ஊர்ப் பத்திரிகையே எழுதியது. விசாரணைக் குழு அமைத்தார்கள். பிராவ் ஹோல்ட்காம்பின் சப்பாத்துச் சோடியைப் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். கம்பளத்தைப் பார்க்கத் தரைவிரிப்பு நிபுணர் வந்தார், கூடவே ஒரு படப்பிடிப்பாளர், கீழைத்தேயப் பண்பாட்டில் பட்டம் பெற்ற ஒரு பேராசிரியர். எல்லோரும் வாசலில் குந்திச் சப்பாத்தைக் கழற்றியதில் படிக்கட்டு அடைபட்டது, கீழ்வீட்டுக் கிழவிக்கு வெளியே போக வழியில்லை. ஹெர் வீஸ்மனின் காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அஞ்சலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புஷ்பமலரை நடுவில் உட்காரவைத்து, "அலுவலரிடம் சப்பாத்தைக் கழற்றச் சொன்னீர்களா?" என்று கேட்டார்கள். அவளுக்குப் பொய் வராது.

"இல்லை. கழட்டாதேங்கோ எண்டுதான் சொன்னனான்."

குழு முழுவதும் வாடிப்போயிற்று. அப்போதுதான் பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "கனவான்களே, இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். இந்த மக்கள் மரியாதையின் பொருட்டு மனதில் இருப்பதற்கு நேர்மாறாகப் பேசுபவர்கள். கழற்றாதீர்கள் என்று இந்தப் பெண் சொன்னால் கழற்றுங்கள் என்று பொருள். அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது கல்வியறிவற்ற செயல்."

"அற்புதம்," என்றார் ஹெர் வீஸ்மன். "எழுதிக்கொள்ளுங்கள்."

யாகோப்பு துள்ளி எழுந்தான். அவன் காத்திருந்த நுனி இதுதான். "ஐயா, அதைத்தான் நானும் சொல்லுறன். பிள்ளையைக் குரங்கு எண்டதும் அப்பிடித்தான். கறுவல் எண்டதும் அப்பிடித்தான். வேற ஆக்களுக்கு முன்னால நாங்கள் எங்கட பிள்ளையைப் புகழமாட்டம், கண்பட்டுப் போயிடும். இந்தப் பிள்ளை எங்கட உயிர். அதையும் எழுதுங்கோ."

நவரத்தினம் அண்ணை சொல்லி முடிக்குமுன் ஹெர் வீஸ்மன் கையை உயர்த்தினார். "நிறுத்துங்கள். குரங்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. நாங்கள் சப்பாத்துக்கு மட்டுமே கூடியிருக்கிறோம். கடைசி இரண்டு நிமிடத்தைக் குறிப்பிலிருந்து நீக்குங்கள்."

உதவியாளர் அழுத்தி அழித்தார். பேராசிரியரை யாகோப்பு பார்த்தான். அவர் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், விசாரணைக் குழுவுக்கு அந்த விதி இல்லையாம்.

மாரிக் குளிர் முடிவதற்குள் விசாரணைக் குழுவின் தீர்ப்பு வந்தது. முறைப்பாடு முழுமையாக ஏற்கப்பட்டது. நகர மண்டபத்தில் விழா வைத்து, வயலின் வாசித்து, யாகோப்புக்குச் சட்டம் போட்ட மன்னிப்புப் பத்திரமும் ஒரு கள்ளிச்செடியும் கொடுத்தார்கள். துணைமேயர் பேசினார். "இன்று நம் நகரம் ஒரு குடும்பத்தின் வாசற்படியை மதிக்கக் கற்றுக்கொண்டது. இனி நம் அலுவலர்கள் தமிழர் வீட்டுக்குள் எந்தக் காரியத்துக்காக நுழைந்தாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டே நுழைவார்கள். எந்தக் காரியம் என்பதில் நாங்கள் தலையிடுவதில்லை." எல்லோரும் கைதட்டினார்கள். பிராவ் ஹோல்ட்காம்பும் முன்வரிசையில் இருந்து கைதட்டினார்.

வழக்குக்கு அழைத்தபோது யாகோப்பு அந்தப் பத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனான். நீதிபதி நரைத்த, களைத்த மனிதர். அவர் முன்னால் கந்தோரின் இரண்டாவது அறிக்கை புதிதாக இருந்தது. "விண்ணப்பதாரர் முறைப்பாடு செய்யும் இயல்புடையவர். கந்தோரோடு ஒத்துழைக்கும் மனநிலை இல்லை. பிள்ளையின் எதிர்காலத்துக்கு இது உகந்ததல்ல." இதைப் பற்றி முறையிடலாமா என்று யாகோப்பு கேட்கவில்லை. அந்தப் பாடம் ஏற்கெனவே படித்தாயிற்று.

"பேராசிரியர் சொன்னவர், ஐயா," என்றான். "நாங்கள் மாத்திச் சொல்லுற ஆக்கள் எண்டு. சப்பாத்துக் கோப்பில இருக்கு."

நீதிபதி ஆர்வத்தோடு நிமிர்ந்தார். "அந்தக் கோப்பைப் பார்க்கலாமா?"

கந்தோரின் சட்டத்தரணி எழுந்தார். "முடியாது. முறைப்பாட்டுக் கோப்புகள் இரகசியமானவை, நீதிமன்றத்தில் காட்டக்கூடாது. காட்ட விட்டால் மக்கள் ஏதோ பயன் கிடைக்கும் என்று முறைப்பாடு செய்யத் தொடங்கிவிடுவார்கள்."

நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மேசையில் கையூன்றி, "சரி, எனக்கு நேரடியாகச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை?" என்று யாகோப்பிடம் கேட்டார்.

அஞ்சலா பின்வரிசையில் புஷ்பமலரின் பக்கத்தில் இருந்தாள். சட்டத்தரணி, எழுத்தர், பிராவ் ஹோல்ட்காம்ப், ஹெர் வீஸ்மன், எல்லாக் கண்ணும் அந்தப் பிள்ளைமேல். புஷ்பமலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலையைப் பிடித்தாள். இதைச் சொன்னால் பிள்ளைக்கு என்ன வருமோ என்று யாகோப்புக்குப் பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் பிள்ளையே இல்லை.

சொன்னான். கணக்கைச் சொன்னான், பாட்டைச் சொன்னான், கிழவிக்குக் கடிதம் வாசிப்பதைச் சொன்னான். வேலையால் களைத்து வந்தால் அவள் ஓடிவந்து சப்பாத்து வாரை அவிழ்த்துவிடுவதைச் சொன்னான். "என்ர தங்கச்சி சாகேக்க என்ர கையில தந்த பிள்ளை, ஐயா. இவளைப் போல ஒரு பிள்ளை உலகத்தில இல்லை. இவள் இல்லாட்டி எனக்கும் மனிசிக்கும் ஒண்டுமில்லை." சொல்லச் சொல்ல அவனுக்குக் கண்ணீர் வடிந்தது. தமிழில் ஒரு மனிதன் தன் பிள்ளையை இவ்வளவு வெளிப்படையாகப் புகழ்ந்து நவரத்தினம் அண்ணை அதுவரை கேட்டதில்லை. ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார்.

பிராவ் ஹோல்ட்காம்ப் கை உயர்த்தினார். "மதிப்புக்குரிய நீதிபதி அவர்களே, என் வருகையின்போது பிள்ளைக்குத் தகரக் குரல் என்றார். இன்று பிள்ளை பாடகி. முன்னுக்குப் பின் முரண். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்."

நீதிபதி கோப்பை மூடினார். பிறகு தீர்ப்பை வாசித்தார். தனிப்பட்ட முறையில் தன் மனம் நெகிழ்ந்தது என்றார். ஆனால் கந்தோரின் அறிக்கையைச் சந்தேகிக்க ஒரு காரணமும் தனக்குக் கிடைக்கவில்லை, ஏனெனில் அந்த அறிக்கை பற்றி முறைப்பாட்டுப் பிரிவில் இன்றுவரை ஒரு முறைப்பாடும் ஏற்கப்படவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

மறுநாள் விடியவே யாகோப்பு மூன்றாம் மாடியில் நின்றான். வழக்கு முடிந்தது, இனி எடுக்கலாம்தானே என்று கேட்டான். ஹெர் வீஸ்மன் கோப்பி கொடுத்தார். நவம்பரில் நடந்தது பழைய சம்பவம் என்றார். ஆனால் சப்பாத்துக் கோப்புக்காகத் தனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, அதற்கு நன்றி என்றும் சொன்னார்.

மேல் நீதிமன்றம் இருக்கிறது என்று நவரத்தினம் அண்ணை ஓடித் திரிந்தார். மேல் நீதிமன்றம் வழக்கைப் பார்க்கத் தொடங்குமுன் கந்தோர் தன் வேலையைப் பார்த்துவிட்டது. பாதுகாவலர் கந்தோர்தானே, பிள்ளையை எங்கே வைப்பது என்று அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. பிராவ் ஹோல்ட்காம்ப் நின்றார். கீழே கார் நின்றது. குசினியில் புஷ்பமலர் அஞ்சலாவுக்குப் பிட்டும் சம்பலும் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள், ஊட்டிய கை அப்படியே நின்றது.

"வணக்கம்," என்றார் பிராவ் ஹோல்ட்காம்ப். ஒரு பயிற்சி வகுப்பில் அந்தச் சொல்லைப் படித்திருந்தார். பிறகு வாசலில் குந்தி, சப்பாத்து வாரை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். முழங்கால் வரை வார். ஒரு முடிச்சு இறுகிவிட்டது. யாகோப்பு பார்த்துக்கொண்டு நின்றான். அவர் அதை அவிழ்த்துக் கழற்றி, சோடி பிசகாமல் சுவரோரம் வைத்து, வெள்ளைக் காலுறையோடு கம்பளத்தின்மேல் மெல்ல மெல்ல நடந்து உள்ளே வந்தார். ஒரு துளி சேறு படவில்லை.

அஞ்சலாவின் பை கட்டியிருந்தது. செபஸ்தியார் படத்தை எடுத்துவைக்க விடவில்லை. பிள்ளை மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள், "மாமா, பயப்படாதேங்கோ. நான் அங்க போய்க் குரங்கு மாதிரி நடக்கிறன். திருப்பிக் கொண்டுவந்து விட்டிடுவினம்," என்றாள்.

"போட்டு வா, கறுவல்," என்றான் யாகோப்பு. வேறு எதுவும் சொல்ல அவனுக்குப் பயமாக இருந்தது.

வாசலில் பிராவ் ஹோல்ட்காம்ப் மறுபடி குந்தி, எல்லா வாரையும் கட்டினார். அவ்வளவு நேரமும் அஞ்சலா பையோடு பக்கத்தில் நின்றாள். கட்டி முடித்ததும் அவர் ஒரு தாளை நீட்டினார். புதிய நடைமுறை, ஒவ்வொரு வருகையின் முடிவிலும் கேட்க வேண்டுமாம்.

"இன்றைய வருகை பற்றி முறைப்பாடு ஏதாவது உண்டா?"

யாகோப்பு கம்பளத்தைப் பார்த்தான். அது சுத்தமாக இருந்தது.

"சப்பாத்தைப் பற்றி இல்லை," என்றான்.

பிராவ் ஹோல்ட்காம்ப் பேனையைத் திறந்து, "முறைப்பாடு இல்லை" என்று எழுதி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.